‘இங்கே வா’ மட்டும் போதாது



கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவில், அக்குறணையைத் தாண்டியதும் வருவது எங்கள் அலவத்துகொட. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்கும் ஊர். சுற்றிவரத் தோட்டங்களும் கிராமங்களும் உண்டு. கடல் கடந்து வேலைக்குப் போனவர்களின் பணத்தில் கூரை மாறிய வீடுகளையும், அவர்கள் திரும்பி வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகளையும் எங்கள் பகுதியில் எங்கும் காணலாம்.

இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கின்றவன் நான். தமிழாசிரியனிடம் இலக்கணமும் இலக்கியமும் கேட்பார்கள் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால், என்னிடம் பெற்றோரும் பழைய மாணவரும் அடிக்கடி கேட்பது வேறொரு கேள்வி. “சேர், தங்கச்சி குவைத்துக்குப் போறா. அரபு படிக்கிறதா, இங்கிலீசு படிக்கிறதா?” “மகன் சுவிசுக்குப் போகப் பார்க்கிறான். அங்க என்ன பாஷை சேர்?” “கொரியாவுக்குப் போறதுக்கு முன்னாடி சிங்களம் படிக்கணுமாமே, உண்மையா?” இந்தக் கேள்விகளுக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஆகவே, இன்றைய இலக்கிய உரையில் இதனையே பொருளாக எடுத்துக்கொள்கின்றேன். இது பிழைப்புப் பற்றிய விடயமாயிற்றே, இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மொழி எங்கு உண்டோ அங்கு இலக்கியத்துக்கும் வேலை உண்டு என்பது என் எண்ணம்.

தமிழருக்கு இது புதிய அனுபவமன்று. சங்கப் புலவர்கள் வேங்கட மலைக்கு அப்பாற்பட்ட நிலத்தைக் குறிக்கும்போது, அதனை மொழி பெயர்ந்த தேயம் என்ற பொருள்படச் சுட்டுவர். பொருள் தேடிச் செல்லும் தலைவன் கடக்கும் பாலையையும், அவன் சென்று சேரும் நாட்டையும் எண்ணி வருந்துகின்ற தலைவிக்கு, அந்த நாட்டின் தூரத்தைவிட அங்கு மொழி மாறிவிடும் என்பதே பெரிய துயரமாகத் தோன்றியிருக்க வேண்டும். காட்டையும் மேட்டையும் காலால் கடந்துவிடலாம். மொழி மாறும் எல்லையை நாவினால்தான் கடக்க வேண்டும். அன்று தலைவன் போனான், தலைவி வீட்டில் இருந்தாள். இன்று எங்கள் தோட்டங்களிலிருந்து தலைவிதான் போகிறாள் என்பது ஒன்றே வேறுபாடு.

முதலில், எந்த மொழி என்ற கேள்வியைப் பார்ப்போம். ஒரு நாட்டுக்கு ஒரு மொழி என்று எண்ணிக்கொண்டு புறப்படுபவர் பலர். சுவிற்சர்லாந்து என்ற சிறிய நாட்டில் ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், றொமான்ஸ் என நான்கு தேசிய மொழிகள் உள்ளன. சூரிச்சிலும் பேர்ணிலும் ஜேர்மன். ஜெனீவாவிலும் லோசானிலும் பிரெஞ்சு. தெற்கே ரிச்சினோவில் இத்தாலியன். அடைக்கலம் கோரிச் செல்பவரை எந்த மாநிலத்தில் வைத்திருப்பது என்பதை அந்நாட்டு அதிகாரிகளே தீர்மானிக்கிறார்கள். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அங்கு சென்ற எம்மவர் பலரின் மொழி அவ்வாறுதான் தீர்மானமாயிற்று. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் ஜேர்மன் பேசுபவராகவும் மற்றவர் பிரெஞ்சு பேசுபவராகவும் ஆகிவிடலாம். அதிலும் ஒரு சிக்கல்: ஜேர்மன் பகுதியில் வகுப்பறையிலும் பத்திரிகையிலும் இருப்பது நூல்வழக்கு ஜேர்மன்; தெருவிலும் வீட்டிலும் பேசுவது சுவிஸ் ஜேர்மன். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சிறியதன்று.

கனடாவும் அப்படியே. ரொறன்ரோவுக்குச் செல்பவருக்கு ஆங்கிலம் போதும். மொன்றியலில் குடியேறுபவரோ கியூபெக் மாகாணம் 1977ஆம் ஆண்டு இயற்றிய பிரெஞ்சு மொழிச் சாசனத்தின் கீழ் வாழ வேண்டும். குடியேறியவர்களின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பாடசாலைக்கே செல்ல வேண்டும் என்பது அதன் விதி.

அரபு நாடுகளின் நிலைமை இன்னொரு விதமானது. சென்ற வருடம் எமது மாணவர் சிலரின் வீட்டாருக்குப் பயன்படட்டும் என்று ஒரு சொற்பட்டியல் தயாரித்தோம். அக்குறணைப் பக்கத்து மௌலவி ஒருவர் அன்போடு உதவிசெய்தார். “எனக்கு வேண்டும்” என்பதற்கு அவர் “உரீது” என்று எழுதித் தந்தார். குவைத்திலிருந்து திரும்பிய ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுல ‘அபீ’னுதான் சொல்லுவாங்க” என்றார். லெபனானில் இருந்துவிட்டு வந்த மற்றொருவர், “நாங்க ‘பித்தி’ன்னு சொல்லுவோம்” என்றார். மௌலவி சிரித்தபடி, “மூணும் சரிதான் மாஸ்டர். நீங்க படிப்பிக்கிற செந்தமிழும், வெளியில கதைக்கிற தமிழும் மாதிரித்தான் இதுவும்” என்று சொன்னார். எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழருக்கு எவரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. நூலிலே உள்ள அரபு மதிப்புக்குரியது. ஆனால், சமையலறையிலே வேலை செய்யப் போகின்றவருக்குச் சமையலறையிலே வழங்கும் அரபுதான் முதலில் தேவை.

ஆகவே, முதலாவது விடை இதுதான். போகின்ற நாட்டின் மொழி எது என்று கேட்பதைவிட, நாம் போய்ச் சேரும் வீட்டில், தொழிற்சாலையில், தெருவில் எம்மோடு நாள்தோறும் பேசப்போகிறவர் யார், அவர் நாவில் உள்ள மொழி எது என்று கேட்க வேண்டும். பெருமைக்குரிய மொழி வேறு, தேவைக்குரிய மொழி வேறு.

இந்த உண்மையை எமது நாட்டுக்கு வந்த அந்நியர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 1813ஆம் ஆண்டின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து கலாநிதி தோமஸ் கோக் தலைமையில் மெதடிஸ்த போதகர்கள் சிலர் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். இலங்கையில் போர்த்துக்கேய மொழி வழங்குகிறது என அறிந்த கோக், கப்பலிலேயே அம்மொழியில் முனைந்திருந்தார். போர்த்துக்கேயரின் ஆட்சி 1658இலேயே முடிந்துவிட்டது. ஆயினும், கரையோரப் பட்டினங்களில் அவர்களது மொழியின் ஒரு கலப்பு வடிவம் ஒல்லாந்தர் காலத்தையும் தாண்டி வாழ்ந்துகொண்டிருந்தது. ஆகையால் அவரது தெரிவு தவறானதன்று. எனினும், கோக் 1814 மே மாதம் நடுக்கடலில் காலமானார். எஞ்சியவர்கள் அவ்வாண்டு யூன் இறுதியில் காலியில் வந்திறங்கினர். அங்கே கூடி, யார் எங்கு செல்வது எனப் பங்கிட்டுக்கொண்டனர். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், ஓல்ட் மட்டக்களப்புக்கும் சென்றனர். அவர்களுக்குத் தமிழ் வேண்டியதாயிற்று. க்ளவ் காலியிலும் எர்ஸ்கின் மாத்தறையிலும் தங்கினர். அவர்களுக்குச் சிங்களம் வேண்டியதாயிற்று. ஒரே கப்பலில், ஒரே நோக்கத்தோடு வந்தவர்களுக்கு, போய் நின்ற ஊர்தான் மொழியைத் தீர்மானித்தது. அந்த க்ளவ் பின்னர் 1821இலும் 1830இலும் இரு பாகங்களாக ஆங்கில–சிங்கள, சிங்கள–ஆங்கில அகராதியை வெளியிட்டார். ஜி. யூ. போப் கப்பலேறு முன்பே தமிழைத் தொடங்கியவர். 1839இல் தமிழகம் வந்த அவர், 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டதை நாம் அறிவோம்.

எந்த மொழி என்ற கேள்விக்கு இவ்வாறு ஒரு விடை கிடைத்துவிடுகின்றது. ஆனால், நான் இன்று சொல்ல வந்தது அதற்கு அடுத்த கேள்வியைப் பற்றியது. அந்த மொழியில் முதலில் எதைப் படிப்பது? இதனைப் பலர் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதனால்தான் துன்பம் வருகின்றது.

எங்கள் கண்டி மண்ணிலிருந்தே மூன்று உதாரணங்கள் கூறுகின்றேன். தமிழிலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடங்களைப் படிக்கின்றோம். பேசுகின்ற ‘நான்’ தன்மை. கேட்கின்ற ‘நீ’ முன்னிலை. பேசப்படுகின்ற ‘அவன்’, ‘அவள்’, ‘அது’ படர்க்கை. கண்டிக்கு வந்த மூன்று வகை அந்நியர், உள்ளூர் மொழியை இந்த மூன்று இடங்களில் ஒவ்வொன்றிலிருந்து கற்றார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முதலாமவர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் தந்தையோடு பிடிபட்டு, கண்டி அரசனின் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கிராமங்களில் வாழ்ந்தவர். சிறைக்கூடத்தில் அடைக்கப்பட்டவரல்லர், ஊரைவிட்டுப் போக முடியாதவர். தொப்பி பின்னி விற்றும், தலைச்சுமையாகச் சாமான் கொண்டுபோய் வியாபாரம் செய்தும் பிழைத்தார். அவருக்குச் சிங்களம் தேவைப்பட்டது தன்னைப் பற்றிச் சொல்வதற்கு. எனக்குப் பசி, என் பொருளுக்கு விலை இது, நான் இன்ன இடத்துக்குப் போகிறேன் என்று சொல்வதற்கு. 1679இல் தோழர் ஒருவரோடு வடக்கு நோக்கித் தப்பிச் சென்றபோது, அநுராதபுரத்துக்கு அண்மையில் அதிகாரியொருவரின் முன்னால் நின்று, உலர்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம் என்று கூறித் தப்பினார். பின்னர் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூலில் சிங்களச் சொற்களையும் குறித்துள்ளார். அவரைக் காப்பாற்றியது கால் மட்டுமன்று. ‘நான் இன்னார், இதற்காக வந்தேன்’ என்று சொல்லக்கூடிய நாவும்தான். அவர் கற்றது தன்மை இடத்து மொழி.

இரண்டாமவர் ஜோன் டொயிலி. 1801இல் இலங்கை வந்த ஆங்கிலேய உத்தியோகத்தர். மாத்தறையில் கரத்தொட்ட தம்மாராம தேரரிடம் முறைப்படி சிங்களம் கற்றவர். அரசாங்கத்தின் பிரதான மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கண்டி இராச்சியத்துக்குள் யார் யாரோடு பகை, எந்தப் பிரதானி என்ன நினைக்கிறான், அரசன் என்ன செய்கிறான் என்பதையெல்லாம் ஒற்றர் மூலம் கேட்டு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்னரே, அவரது மொழியறிவு மலைநாட்டுக்குள் புகுந்துவிட்டது எனலாம். 1824இல் கண்டியிலேயே இறந்தார். அவர் கற்றது படர்க்கை இடத்து மொழி: பிறரைப் பற்றி அறிவதற்கான மொழி.

மூன்றாமவர் ஒருவரல்லர், ஒரு கூட்டத்தார். கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த வெள்ளைக்காரத் துரைமார். ஜேம்ஸ் டெயிலர் 1852இல் இளைஞராக வந்து, 1867இல் லூல்கந்துரவில் தேயிலையைப் பெருமளவில் பயிரிடத் தொடங்கினார். கண்டி மகியாவ மயானத்தில் அவரது கல்லறை இருக்கிறது. அவரைப் போல வந்த சின்னத்துரைமாருக்கு ஒரு தெரிவு இருந்தது. தோட்டத்தைச் சுற்றி இருப்பவை சிங்களக் கிராமங்கள். தோட்டத்துக்குள் இருப்பவர்களோ திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர்கள். துரைமார் தமிழையே தெரிவுசெய்தனர். வேலை வாங்க வேண்டியது தமிழரிடமிருந்து என்பதே காரணம்.

அவர்களுக்கெனக் கைநூல்களும் வெளிவந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் பேர்குசன் நிறுவனத்தார் வெளியிட்ட ஒரு சிறு நூலின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் மறுபெயர். 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு நூல், கூலித் தமிழ் என்ற பெயரையே தாங்கி வந்தது. தமிழிலே வா, வாரும், வாருங்கள், வாங்க, வாங்கோ என்று ஒருவரை அழைப்பதற்கு எத்தனை படிகள் உண்டு! அத்தனை படிகளிலும் கடைசிப் படியையே அந்த நூல் தன் வாசலில் எழுதி வைத்தது. இலக்கணத்தில் இதனை ஏவல் வினை என்கின்றோம். அது முன்னிலை இடத்துக்குரியது. துரைமார் கற்ற தமிழுக்குத் தலைவாசல் அந்த ஏவல்தான். அந்தத் தொழிலாளர் தமக்குள்ளே பாடிய பாட்டுகளில் எவ்வளவு ‘நான்’ இருந்தது, எவ்வளவு ஏக்கமும் எகத்தாளமும் இருந்தது என்பதை அறிய, சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்ற மலையகத்துப் பிள்ளை ஒருவர் வந்து அவற்றைத் தொகுக்க வேண்டியிருந்தது.

நேயர்களே, பழங்கதை சொல்லித் துரைமாரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர்கள் போய்விட்டார்கள். ஆனால், அந்தச் சட்டைப்பைப் புத்தகம் இன்னும் போகவில்லை என்பதே என் கவலை. எங்கள் பகுதியில் வெளிநாடு செல்லும் பெண்களுக்குக் கைக்குக் கைமாறி வரும் போட்டோப் பிரதிச் சொற்பட்டியல்களைப் பாருங்கள். “தஆலி” என்றால் “வா”. “ஜீபி” என்றால் “கொண்டு வா”. கூட்டு, கழுவு, சமை, பிள்ளையைத் தூக்கு, சட்டைக்கு அயன் பண்ணு. பட்டியல் முழுவதும் ஏவல்கள். கொள்ளுத்தாத்தாவுக்குக் கட்டளையிட எழுதிய அதே புத்தகம், கொள்ளுப்பேத்தி கட்டளையை விளங்கிக்கொள்வதற்காக வேறு மொழியில் திரும்பி வந்திருக்கின்றது. அன்று கட்டளையிடுபவர் படித்தார். இன்று கட்டளையைக் கேட்பவர் படிக்கின்றார். இரண்டிலும் வேலை செய்பவளுக்கு ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

வேலைக்குப் போகிறவர் வேலைச் சொற்களைப் படிக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், அந்தச் சொற்களை அந்த வீடே படிப்பித்துவிடும். கையைக் காட்டிச் சொல்வார்கள், பொருளை எடுத்துக் காட்டுவார்கள், இரண்டு தடவை உரத்துச் சொல்வார்கள். அவர்களுக்கு வேலை நடக்க வேண்டும் என்பதால், விளங்கும்வரை விடமாட்டார்கள். எனக்கு வயிறு நோகிறது என்ற சொல்லை எவரும் வலிந்து படிப்பிக்க மாட்டார்கள். அது அவர்களுக்கு வேண்டிய சொல் அன்று. எமக்கு வேண்டிய சொல்.

எங்கள் அயல் தோட்டமொன்றிலிருந்து சென்று, ஆறு வருடங்களின் பின் திரும்பிய ஒரு தாய் எனக்குச் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கின்றேன். “சேர், அவங்க சொன்னதெல்லாம் ரெண்டு மாசத்துல வெளங்கிருச்சு. நான் சொல்லணும்னு நெனச்சதுக்குத்தான் வார்த்தை கெடைக்கல.” ஒருமுறை நான்கு நாட்களாக வயிற்றுவலியோடு சமைத்தும் கழுவியும் இருந்திருக்கிறார். அந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர், அவர்களுக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்த ஆறு வயதுப் பையன்தான், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினியில் உட்கார்ந்திருந்ததைக் கண்டு தாயிடம் ஓடிப்போய்ச் சொன்னானாம். அன்றே மருந்து கிடைத்தது. அதன் பிறகு அந்தப் பையனிடமே நாளுக்கு ஒரு சொல்லாகக் கேட்டுப் படித்திருக்கிறார். “அவன்தான் சேர் எனக்கு வாத்தியார்” என்று சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பிருந்தது. ஆனால், எல்லா வீடுகளிலும் அப்படியொரு பையன் இருப்பான் என்று நம்பி எவரையும் அனுப்பிவைக்க முடியாது.

கைத்தொலைபேசியில் மொழிபெயர்ப்பு வசதி வந்துவிட்டதே, இனி மொழி எதற்கு என்று கேட்கும் இளைஞரும் உளர். அது நல்ல வசதிதான். மருந்துச் சீட்டு வாசிக்கவும் பேருந்துப் பலகை வாசிக்கவும் உதவும். ஆனால், நோய் வந்தவேளை கையில் தொலைபேசி இருக்க வேண்டும், அதில் மின் இருக்க வேண்டும், வீட்டார் அதை வாங்கி வைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். நாவில் உள்ள சொல்லை எவரும் வாங்கி அலுமாரியில் பூட்டிவைக்க முடியாது.

அப்படியானால், புறப்படுமுன் மனப்பாடமாக்க வேண்டிய வாக்கியங்கள் எவை? நாம் தயாரித்த பட்டியலைச் சொல்கின்றேன். என் பெயர் இது, நான் இலங்கையிலிருந்து வந்தவள். எனக்கு விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள். எனக்குச் சுகமில்லை, இந்த இடம் நோகிறது. எனக்குப் பசிக்கிறது. நான் இதை உண்பதில்லை. எனக்கு ஓய்வு வேண்டும். என் சம்பளம் எந்தத் திகதியில் வரும்? நான் வீட்டுக்குப் பேச வேண்டும். என் கடவுச்சீட்டு என்னிடம் இருக்க வேண்டும். இது எனக்கு விருப்பமில்லை. நான் எமது தூதரகத்துக்குப் போக வேண்டும். இவற்றோடு நன்றி என்ற சொல்லும் சேர்ந்தால் போதும். எல்லாம் தன்மை இடத்து வாக்கியங்கள். “அன மரீழா” என்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்கும் தெரியாத பெண்ணுக்கும் இடையில் உள்ள வேறுபாடு சில வேளை உயிருக்கும் இறப்புக்கும் இடையில் உள்ள வேறுபாடாகவும் இருக்கலாம்.

இந்தப் பட்டியலில் உள்ளவை மிதமிஞ்சிய கோரிக்கைகள் அல்ல. வீட்டுப் பணியாளர் பற்றிச் சர்வதேச தொழில் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம், பயண ஆவணங்களையும் அடையாள ஆவணங்களையும் பணியாளர் தம்மிடமே வைத்திருக்க உரித்துடையவர் என்று கூறுகின்றது. ஆனால், உரிமை சாசனத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதை அந்த வீட்டு வாசலில் நின்று சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். எமது நாட்டில் 1985இல் நிறுவப்பெற்ற வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் மூலம், வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்குப் பயிற்சியும் மொழியறிவும் அளிக்கப்படுகின்றன. அதற்குப் போகும்போதே இந்தக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். “டீச்சர், எனக்குத் தலை சுத்துதுன்னு எப்படிச் சொல்றது?” என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

கொரியாவுக்குச் செல்ல விரும்பும் இளைஞருக்கும் ஒரு வார்த்தை. 2004இல் இலங்கையும் கொரியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பின், கொரிய மொழிப் பரீட்சை எழுதி அங்கு செல்லும் வழி திறந்தது. கொரிய எழுத்தை அந்நாட்டு மன்னர் சேஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் நாட்டு மக்களுக்கு அறிவித்தார். கற்பதற்கு எளியது. வாக்கிய அமைப்பும் எமக்கு நெருக்கமானது; தமிழைப் போல வினை கடைசியில் வரும். தந்தையை அவர்களும் அப்பா என்கிறார்கள். தாயை அழைக்கும் சொல்லும் அம்மாவுக்கு அருகில் ஒலிக்கிறது. “வா” என்பதற்கும் ஏறத்தாழ “வா” என்றே ஒலிக்கும் சொல் உண்டு. இவற்றை வைத்து இனவுறவு பேசத் தேவையில்லை. படிக்க உற்சாகம் தருகிறதென்றால் அதுவே போதும். ஆனால், அந்தப் பரீட்சை சோதிப்பது வாசிப்பையும் கேட்டலையும்தான். பேசுவதற்கான பயிற்சியை மாணவன் தானே தேடிக்கொள்ள வேண்டும். பரீட்சையில் சித்தியடைந்த பின்னரும் தன்மை இடத்து வாக்கியங்கள் பாக்கியிருக்கின்றன.

இன்னொரு உண்மையும் உண்டு. எங்கள் பக்கத்தில் கொரிய வகுப்புகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடக்கின்றன. சிங்களம் விளங்காத தமிழ்ப் பிள்ளை அங்கே இரண்டு அந்நிய மொழிகளின் நடுவில் உட்கார்ந்திருக்கின்றான். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் காயம் எம்மவர் மனங்களில் ஆறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கட்டாயத்தின் பேரில் திணிக்கப்பட்ட மொழியைப் படிக்க மனம் மறுத்தது இயல்பே. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. நடைமுறையில் உள்ள குறைகளைக் கேட்பதும் எமது உரிமை. ஆயினும், சட்டம் வேறு, அயல்வீடு வேறு. அலவத்துகொடச் சந்தியில் எங்கள் தாய்மார் மரக்கறி விலை பேசும் சிங்களம் எந்தச் சட்டமும் படிப்பித்ததன்று. கடவுச்சீட்டு எடுக்கவும், முகவர் தரும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும், கொரிய வகுப்பில் சந்தேகம் கேட்கவும் அது உதவும். எங்கள் ஊரிலிருந்து சியோலுக்குப் போகும் வழி, விரும்பியோ விரும்பாமலோ, பக்கத்து வீட்டு மொழியின் ஊடாகவே போகின்றது. அதுவும் நாமே விரும்பித் தெரிவுசெய்த மொழியாக இருக்கட்டும்.

இவ்வளவையும் கேட்டபின், தமிழாசிரியனே தமிழை விட்டு எல்லா மொழியையும் படிக்கச் சொல்கிறானே என்று எவரும் எண்ண வேண்டாம். எமது பத்தாம் வகுப்பு மாணவருக்கு நான் கொடுக்கும் ஒரு பயிற்சி இது. வெளிநாடு செல்லும் ஒருவருக்குத் தேவையான பத்து வாக்கியங்களை முதலில் தமிழில் எழுதச் சொல்வேன். ஆரம்பத்தில் பிள்ளைகள் எழுதுவது, “தயவுசெய்து என்னை மன்னியுங்கள்” என்றுதான். தோட்டத்துப் பிள்ளைகள் முதல் வாக்கியமாக மன்னிப்பை எழுதுவதைப் பார்க்கும்போது, அது அரபிலோ ஜேர்மனிலோ உள்ள குறையன்று என்பது விளங்கும். என் சம்பளம், என் உடம்பு, என் விருப்பம் என்று தாய்மொழியிலேயே சொல்லிப் பழகாத பிள்ளைக்கு, வேற்று மொழியில் அந்தச் சொற்களைக் கொடுத்தும் பயனில்லை. தமிழ்ப் பாடத்தில் கட்டுரை எழுதுவதும், வகுப்பின் முன்னால் நின்று பேசுவதும், ஒரு கதையிலே வரும் பெண் ஏன் வாய்திறக்கவில்லை என்று விவாதிப்பதும் இதற்காகத்தான். இலக்கியம் தரும் பயிற்சி ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியத்தை அச்சமின்றி முடிக்கும் பயிற்சி.

எனவே, பயணம் புறப்படும் வீட்டாருக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். நாட்டின் பெயரைக் கேட்டு மொழியைத் தீர்மானிக்காதீர்கள். போய்ச் சேரும் இடத்தையும் அங்கு பேசப்போகும் மனிதரையும் விசாரியுங்கள். அங்கு இருந்துவிட்டு வந்த ஒருவரைத் தேடி, ஒரு மாலை நேரம் அவரோடு உட்காருங்கள். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு உங்கள் பத்து வாக்கியங்களை அவரிடம் அந்த மொழியில் கேட்டு எழுதுங்கள். பயணப் பெட்டியில் அந்தக் கொப்பியை உடுப்புக்கு அடியில் வைக்க வேண்டாம். விமானம் ஏறுமுன்பே அது நாவில் இருக்க வேண்டும்.